ஆர்க்டிக் ஹூபெர்சியா: ஒரே செடிக்கு இரண்டு வரைபடங்கள் இருப்பது ஏன்?

மே 19, 2024 (வாசகர் கேள்வி, குடியாத்தத்திலிருந்து)

ஐயா, வணக்கம். இளங்கலைத் தாவரவியல் படிக்கிறேன். துருவப் பகுதியின் வித்திலாத் தாவரங்களைப் பற்றிய ஒப்படைப்புக்கு ஹூபெர்சியா ஆர்க்டிகா என்ற கிளப் மாஸை (பூவும் விதையும் இல்லாத சிறு செடியை) தேர்ந்தெடுத்தேன். ஒரு நூலில் அது வடதுருவத்தைச் சுற்றி ஆர்க்டிக் தீவுக்கூட்டமான ஸ்வால்பார்டு முதல் அலாஸ்கா வரை பரவியிருப்பதாக வரைபடம் போட்டிருக்கிறார்கள். மற்றொரு நூலில் அப்படி ஒரு சிற்றினமே இல்லை. இரண்டில் எதை நம்புவது?

மே 20

தம்பி, இரண்டு நூல்களும் ஏறக்குறைய அதே செடிகளைத்தான் பார்த்திருக்கின்றன. அவற்றுக்கு இட்ட பெயரில்தான் வேறுபடுகின்றன. வடதுருவப் பகுதியில் நிமிர்ந்து, குட்டையாக, மஞ்சள் கலந்த பச்சை நிறத்தில் வளரும் இந்தச் செடியை ஒரு சாரார் ஹூபெர்சியா ஆர்க்டிகா என்னும் தனிச் சிற்றினமாகக் கொள்கின்றனர். இன்னொரு சாரார் ஹூபெர்சியா செலாகோ என்ற மற்றொரு சிற்றினத்தின் துணைச்சிற்றினமாக வைக்கின்றனர். மூன்றாவது சாரார் எந்தப் பிரிவும் தேவையில்லை என்று செலாகோவுக்குள்ளேயே அடக்கிவிடுகின்றனர். மூன்றாம் சாராரின் நூலில் நீங்கள் தேடிய பெயர் இருக்காது, ஆனால் அதன் புள்ளிகள் எல்லாம் செலாகோவின் வரைபடத்தில் கலந்து கிடக்கும்.

ஆகவே, "இது எங்கே வளர்கிறது" என்று கேட்பதற்கு முன்னால், "இது என்று எதைச் சொல்கிறார்கள்" என்று கேட்டாக வேண்டும். பரவலையும் வகைப்பாட்டையும் இரண்டு தனி அத்தியாயங்களாக எழுதுவது நமது பாடநூல்களின் வழக்கம். இந்தச் செடியின் விஷயத்தில் அந்த வழக்கம் உதவாது, ஏனெனில் வரைபடத்தின் ஒவ்வொரு புள்ளிக்குப் பின்னாலும் யாரோ ஒருவர் எடுத்த வகைப்பாட்டு முடிவு ஒன்று இருக்கிறது.

மே 20, இரவு

"மாஸ் என்றால் பாசிதானே, அதற்கு ஏன் இத்தனை ஆராய்ச்சி" என்று ஒருவர் கேட்டிருந்தார். இது பாசி அன்று. உணவையும் நீரையும் கடத்தும் வாஸ்குலத் திசு இதற்கு உண்டு. உண்மையான வேர் உண்டு. வகைப்பாட்டின் முன்னோடியான லின்னேயஸ் 1753இல் இன்றைய ஹூபெர்சியா செலாகோவுக்கு லைக்கோபோடியம் செலாகோ என்று பெயரிட்டபோது பாசிகளோடு சேர்த்து வைத்தது உண்மையே. பின்வந்தவர்கள் அதைப் பிரித்து டெரிடோஃபைட்டுகளில் (பெரணி முதலிய, விதையில்லா வாஸ்குலத் தாவரங்களில்) சேர்த்தனர். இன்று பெரணிகளிடமிருந்தும் இவற்றை விலக்கி, லைக்கோஃபைட்டுகள் என்ற தனிக் கிளையாகக் காண்கிறோம். நாற்பது கோடி ஆண்டுகளுக்கு முன்பே மற்ற வாஸ்குலத் தாவரங்களிடமிருந்து பிரிந்துவிட்ட கிளை இது.

மே 22

செடியைக் கண்ணால் பார்க்காமல் பேசுவதில் பொருளில்லை. வேலூரில் இருந்துகொண்டு அதைப் பார்க்கக் கூடிய ஒரே வழி, ஐரோப்பிய உலர்தாவரகங்கள் (காய்ந்த செடிகளைத் தாளில் ஒட்டிப் பாதுகாக்கும் நிலையங்கள்) ஸ்கேன் செய்து பொதுவில் வைத்திருக்கும் தாள்கள்தான். நேற்று மாலை ஸ்வால்பார்டில் சேகரித்த ஒரு தாளைத் திரையில் எவ்வளவு பெரிதாக்க முடியுமோ அவ்வளவு பெரிதாக்கிப் பார்த்தேன். பழுப்புத் தாளில் விரல் நீளத் தண்டுகள் கொத்தாக ஒட்டப்பட்டிருக்கின்றன. ஒவ்வொரு தண்டும் அடியிலேயே இரண்டிரண்டாகக் கிளைத்து, எல்லாக் கிளைகளும் ஒரே உயரத்துக்கு நிமிர்ந்து நிற்கின்றன. சில மில்லிமீட்டர் நீளமே உள்ள இலைகள் தண்டைச் சுற்றி நெருக்கமாக ஒட்டி மேல்நோக்கிப் படிந்திருப்பதால் தண்டு ஏறத்தாழ மூடப்பட்டிருக்கிறது. இலையின் விளிம்பில் பல் இல்லை. மேற்பகுதியில் இலைக்கோணங்களில் சிறுநீரக வடிவில் மஞ்சள் ஸ்போரகங்கள் (ஸ்போர் என்னும் இனப்பெருக்கத் தூள் நிறைந்த பைகள்) தெரிகின்றன. பாடநூலில் வரும் உறவுச்செடியான லைக்கோபோடியம் கிளாவேட்டத்தில் நாம் வரையும், ஸ்போரகங்கள் கூடி நிற்கும் ஸ்ட்ரோபைலஸ் கூம்பு இங்கே கிடையாது. சாதாரண இலையே ஸ்போரகத்தைத் தாங்குகிறது. அவற்றினிடையே, நுனிவரைக்கும் ஆங்காங்கே, தட்டையான சிறு இலைகள் கொண்ட குறுமொட்டுகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அவைதாம் ஜெம்மாக்கள். கீழே விழுந்தால் ஒவ்வொன்றும் புதுச்செடியாகும்.

அடுத்து ஸ்காண்டிநேவியக் காட்டுப் பகுதியில் சேகரித்த செலாகோ தாளைத் திறந்து பார்த்தேன். இலைகள் நீளம் கூடியவை, தண்டிலிருந்து விலகி விரிந்தவை, பச்சை அடர்ந்தவை. ஜெம்மாக்கள் ஒவ்வோர் ஆண்டு வளர்ச்சியின் முடிவிலும் ஒரு வளையம்போல் கூடி நிற்கின்றன. இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் எவரும் இவை வேறு வேறு செடிகள் என்றே சொல்வர். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

மே 23

இயற்பியல் ஆய்வகத்தில் பயன்படுத்தும் லைக்கோபோடியம் தூள் இந்தச் செடியிலிருந்து வந்ததா என்று ராணிப்பேட்டை நண்பர் கேட்டதற்குச் சுருக்கமான விடை. பொறியியல் கல்லூரி இயற்பியல் ஆய்வகத்தில் லேசர் ஒளி பாய்ச்சித் துகளின் அளவு காண்பதற்குக் கண்ணாடித் தகட்டில் தூவும் லைக்கோபோடியம் தூள், துருவச் செடியின் தூள் அன்று. அது லைக்கோபோடியம் கிளாவேட்டத்தின் ஸ்போர்கள். திரையில் விழும் ஒளி வளையங்களைக் கொண்டு நீங்கள் கணக்கிட்ட ஏறத்தாழ 30 மைக்ரோமீட்டர்தான் அந்த ஸ்போரின் குறுக்களவு. அதன் மேற்பரப்பில் வலைப்பின்னல் இருக்கும்; ஹூபெர்சியாவின் ஸ்போரில் வலை இராது, சிறு குழிகள் இருக்கும். நுண்ணோக்கியில் இந்த ஒரு வேறுபாடே இரண்டு பேரினங்களையும் பிரிக்கப் போதும்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், வடதுருவ ஏரிகளின் சேற்றுப் படிவுகளில் ஹூபெர்சியாவின் பழைய ஸ்போர்கள் கிடைக்கின்றன. அவற்றை ஆய்வாளர்கள் பொதுவாகச் செலாகோ என்றே குறிக்கின்றனர். குழிகளைப் பார்த்துப் பேரினத்தைச் சொல்லலாம்; ஆர்க்டிகாவா செலாகோவா என்று சொல்ல முடியாது. எனவே கடந்தகாலப் பரவலுக்குத் தனி வரைபடம் போட இப்போதைக்கு வழியில்லை.

மே 26

மே 22ஆம் நாள் குறிப்பில் இரண்டு தாள்களின் வேறுபாட்டைப் பற்றிச் சற்று உறுதியாகவே எழுதியிருந்தேன். இரண்டு நாள்களாக அதைத் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருக்கிறேன். வேறுபாடு இருப்பதில் ஐயமில்லை. அந்த வேறுபாடு பிறவியிலேயே வந்ததா, வளர்ந்த இடம் தந்ததா என்பதே கேள்வி.

எங்கள் கல்லூரியிலிருந்து ஆண்டுதோறும் தாவரவியல் சுற்றுலாவாகக் கொடைக்கானலுக்கு மாணவர்களை அழைத்துச் செல்வது வழக்கம். மலைப்பாதையில் வெட்டப்பட்ட மண்சரிவுகளில் லைக்கோபோடியம் செர்னுவம், இன்றைய பெயரில் பல்ஹின்ஹேயா செர்னுவா, புதராகத் தொங்கும். நிழலும் ஈரமும் உள்ள சரிவில் அதன் கிளைகள் நீண்டு தளர்ந்து பச்சையாக இருக்கும்; சற்றுத் தள்ளி வெயில் நேராக விழும் சரிவில் அதே செடி குறுகி, இலைகள் நெருங்கி, மஞ்சளோடிக் கிடக்கும். மாணவர்கள் இரண்டையும் தனித்தனிப் பையில் போட்டு, இரண்டு பெயர் கேட்பார்கள். இடைப்பட்ட நிலையில் உள்ள கிளைகளை அதே சரிவிலிருந்து எடுத்து வரிசையாக அடுக்கிக் காட்டினால்தான் ஒப்புக்கொள்வார்கள்.

செலாகோவிலும் இந்த நிலை உண்டு. திறந்த, காற்று வீசும், பனி குறைவாக மூடும் இடங்களில் அதன் இலைகள் சுருங்கித் தண்டோடு ஒட்டிக்கொள்கின்றன. ஒரே செடியில்கூட அடியிலுள்ள பழைய இலைகள் விரிந்தும், மேலேயுள்ள புதிய இலைகள் படிந்தும் இருப்பதுண்டு. ஆகவே "இலை ஒட்டியிருக்கிறது, மஞ்சளாக இருக்கிறது, எனவே ஆர்க்டிகா" என்பது தனியே நிற்காத வாதம். ஜெம்மாக்கள் அமையும் முறை அதைவிட நம்பத்தக்கது. வளையமாக நிற்பதா, மேற்பகுதி முழுதும் சிதறி நிற்பதா என்பது வெயிலைப் பொறுத்து எளிதில் மாறுவதாக நான் கருதவில்லை. என்னை ஒரு பண்பை மட்டும் தேர்ந்தெடுக்கச் சொன்னால் அதைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

மே 27

பெயர்களின் வரலாற்றைக் கேட்டவர்களுக்காக. ஹூபெர்சியா என்ற பேரினத்தைப் பெர்ன்ஹார்டி 1801இல் அமைத்தார். பெரணி வளர்ப்பில் ஈடுபட்ட ஹூபெர்ஸ் என்ற ஜெர்மானியரின் நினைவாக அப்பெயர். ஆயினும் நெடுங்காலம் பெரும்பாலோர் எல்லாவற்றையும் லைக்கோபோடியம் என்றே எழுதிவந்தனர். நாங்கள் படித்த காலத்துப் பாடநூல்களிலும் செலாகோ, ஃபிளெக்மாரியா, செர்னுவம், கிளாவேட்டம் நான்கும் ஒரே பேரினத்தில் அடுத்தடுத்து நின்றன. 1944இல் ரோத்மாலர் அந்தப் பெரும் பேரினத்தைப் பிரித்தார். 1987இல் ஓல்கார்டு என்ற டென்மார்க் அறிஞர் ஹூபெர்சியா, லைக்கோபோடியம், லைக்கோபோடியெல்லா, ஃபில்லோகுளோசம் என்ற நான்கு பேரினங்களைக் கொண்டார். 2016இல் வெளிவந்த டெரிடோஃபைட்டு வகைப்பாட்டுக் குழுவின் அமைப்பில் லைக்கோபோடியேசி குடும்பத்துக்கு மட்டும் 16 பேரினங்கள்.

அந்த அமைப்பில் ஹூபெர்சியாவின் நெருங்கிய உறவு எது தெரியுமா? மேற்குத் தொடர்ச்சி மலைச் சோலைகளில் மரக்கிளையிலிருந்து நீளமாகத் தொங்கும் தொற்றுத்தாவரமான ஃபிளெக்மாரியூரஸ். ஒன்று வெப்பமண்டல மரத்தில் தொங்குகிறது, மற்றொன்று உறைமண்ணில் நிமிர்ந்து நிற்கிறது. இரண்டும் ஒரே துணைக்குடும்பம். கூம்பு வடிவில் தனி ஸ்ட்ரோபைலஸ் கொண்ட கிளாவேட்டம் இவற்றுக்குத் தூரத்து உறவுதான்.

ஆர்க்டிகா என்ற பெயர் ஹூபெர்சியா என்ற பேரினப் பெயரைவிட மிகவும் பிந்தியது. டோல்மச்சோவ், சிப்லிவின்ஸ்கி ஆகிய சோவியத் தாவரவியலாளர்களின் பெயர்கள் அதன் பின்னால் வருகின்றன. சைபீரியாவின் வடகரை முழுவதையும் நடந்து சேகரித்த மரபு அவர்களுடையது; பரந்த ஒரே நிலத்தில் ஒரே தோற்றமுள்ள செடிகளைத் தொடர்ந்து கண்டவர்களுக்கு அது தனியினமாகத் தோன்றியதில் வியப்பில்லை.

ஜூன் 1

மேலே எழுதிய கடைசி வாக்கியத்தோடு இன்னொன்றைச் சேர்த்தே படிக்க வேண்டும். ஒரு பள்ளத்தாக்கு முழுதும் ஒரே தோற்றமுள்ள செடிகள் இருப்பது தனியினத்துக்குச் சான்றாகுமா? ஜெம்மாக்களை நினைத்துப் பாருங்கள். மழைத்துளி அவற்றின்மேல் விழுந்தால் அவை தெறித்துச் சற்றுத் தொலைவில் விழுந்து வேர்விடும். அந்தச் செடி தாயின் நகல். ஸ்போர் வழி இனப்பெருக்கமோ மிக மெதுவானது: ஸ்போர் முளைத்து உண்டாகும், இனச்செல்களைத் தாங்கும் கேமீட்டகத் தாவரம் பெரும்பாலும் மண்ணுக்குள் பூஞ்சையின் துணையோடு ஆண்டுக்கணக்கில் வாழ்ந்த பிறகே புதிய செடி வெளியே தலைகாட்டும். கோடை சில வாரங்களே நீடிக்கும் வடகோடியில் ஜெம்மா வழியே செடிக்கு எளிது. அப்படியானால் ஒரு பள்ளத்தாக்கில் நாம் காணும் ஆயிரம் செடிகள் உண்மையில் ஒன்றிரண்டு தாய்ச்செடிகளின் நகல்களாக இருக்கலாம். அவை எல்லாம் ஒத்திருப்பது இயல்புதானே. அந்த ஒற்றுமையை எடுத்துக் காட்டிச் சிற்றின எல்லை வரைய முடியாது.

ஜெம்மா வழியில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ஹூபெர்சியா சிற்றினங்கள் தம்முள் எளிதாகக் கலப்பினமாகின்றன. கலப்பினத்தின் ஸ்போர்கள் சிதைந்து பயனற்றுப் போனாலும் ஜெம்மா அதை அழியவிடாமல் காக்கிறது. இரண்டுக்கும் இடைப்பட்ட தோற்றமுள்ள செடி ஒன்று கிடைத்தால், அது இடத்தால் மாறிய செலாகோவா, உண்மையான இடைநிலையா, கலப்பினமா என்று சொல்ல ஸ்போரகத்தைப் பிரித்து ஸ்போர் முழுமையாக இருக்கிறதா என்று நுண்ணோக்கியில் பார்ப்பதே வழி. புகைப்படத்தை வைத்து மட்டும் பெயரிடும் இணையப் பதிவுகளை நான் தயக்கத்தோடு எடுத்துக்கொள்வதற்கு இதுவே காரணம்.

ஜூன் 2

நம் பக்கத்து மலைகளில் இது கிடைக்குமா என்று கேட்டவருக்கு: இல்லை, ஜவ்வாது மலையிலோ ஏலகிரியிலோ ஹூபெர்சியா ஆர்க்டிகா கிடைக்காது. அங்கே பாறைகளில் காய்ந்து சுருண்டு கிடந்து மழைக்கு விரியும் செடி செலாஜினெல்லா. அதுவும் லைக்கோஃபைட்டுதான், ஆனால் வேறு குடும்பம். அதன் ஸ்போர்கள் பெரிது சிறிது என இருவகை.

ஜூன் 8

வட அமெரிக்காவின் கதையைச் சொன்னால் தம்பியின் இரண்டாவது நூல் விளங்கும். வட அமெரிக்கத் தாவரத் தொகுப்பின் 1993ஆம் ஆண்டுத் தொகுதியில் வாக்னரும் பைட்டலும் ஹூபெர்சியாவில் ஏழு சிற்றினங்களை ஏற்றனர். ஆர்க்டிகா அவற்றுள் இல்லை. ஆனால் அதற்கு முந்தைய ஆண்டில்தான் பைட்டலும் மிக்கெலும் அப்பலேச்சியானா என்ற புதிய சிற்றினத்தைச் செலாகோவிலிருந்து பிரித்திருந்தனர். அதைப் பிரிக்க உதவிய பண்புகளுள் ஒன்று, ஜெம்மாக்கள் வளையமாக இல்லாமல் தண்டின் முதிர்ந்த பகுதி முழுதும் அமைந்திருப்பது. அதாவது எந்தப் பண்பைக் கொண்டு ஆர்க்டிகாவைப் பிரிக்கலாம் என்று மே 26 அன்று எழுதினேனோ, கிட்டத்தட்ட அதே பண்பு அமெரிக்காவின் கிழக்கு மலைகளில் இன்னொரு பெயரைப் பெற்றிருக்கிறது. தாவரவியலாளர்களான லோவே இணையர் ஏற்கனவே அப்ரெஸ்ஸா என்ற பெயரை வடக்கத்திச் செடிகளுக்குப் பயன்படுத்தியிருந்ததையும் சேர்த்தால், கிரீன்லாந்தில் ஒரே பாறையில் நிற்கும் செடி, எழுதுபவர் யார் என்பதைப் பொறுத்து மூன்று நான்கு பெயர்களில் எதையும் பெறலாம்.

2016இல் நடந்தது இன்னும் கவனிக்கத்தக்கது. ஹவாயின் ஹலேயாகலா எரிமலையின் பெயரைத் தாங்கிய ஹலேயாகலே என்ற சிற்றினம், அலாஸ்காவிலும் கனடாவிலும் வளர்வதாக நெடுநாள் எழுதப்பட்டு வந்தது. டெஸ்டோவும் உடன் ஆய்வாளர்களும் நிலப்பகுதியின் செடிகளை ஆராய்ந்து அவை வேறு என்று காட்டி, கான்டினென்டாலிஸ் என்று புதிய பெயரிட்டனர். செடி எதுவும் இடம்பெயரவில்லை. பெயர் மாறியவுடன் ஒரு வரைபடம் பசிபிக் தீவுக்குள் சுருங்கியது. புதிய வரைபடம் ஒன்று பிறந்தது. ஆர்க்டிகாவுக்கும் இத்தகைய ஆய்வு தேவைப்படுகிறது என்பது என் கருத்து.

நம் ஊரில் இதை விளக்குவது எளிது. பழைய உலர்தாள்களில் சேகரித்த இடம் "வட ஆர்க்காடு" என்றிருக்கும். 1989இல் அந்த மாவட்டம் பிரிந்தது. எஞ்சிய வேலூரும் 2019இல் மூன்றாயிற்று. அத்தாளின் செடி இன்று திருவண்ணாமலையில் சேருமா, திருப்பத்தூரில் சேருமா என்று அறிய, மலையின் பெயரோ ஊரின் பெயரோ தாளில் இருந்தாக வேண்டும். செலாகோ என்று மட்டும் எழுதிய பழைய துருவத் தாளும் இதே நிலையில்தான் இருக்கிறது. தாளைத் திறந்து செடியைப் பார்க்காமல் அதைப் புதிய பெயரின்கீழ் மாற்றக் கூடாது.

ஜூன் 9

கருத்துப் பகுதியில் ஒருவர், ஹோமியோபதிக் கடையில் லைக்கோபோடியம் கிடைக்கிறதே, அதற்குப் பதில் இந்தத் துருவச் செடியை வாங்கிக் கஷாயம் வைக்கலாமா என்று கேட்டிருக்கிறார். கூடவே கூடாது. கடையில் விற்பது கிளாவேட்டம். செலாகோ கூட்டத்தில் நச்சுத்தன்மையுள்ள ஆல்கலாய்டுகள் உண்டு. கிளாவேட்டம் என்று எண்ணிச் செலாகோவைத் தேநீராகக் குடித்தவர்களுக்கு உடல்நலம் கெட்ட நிகழ்வு மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. சீனாவில் ஆராய்ந்து பிரித்தெடுத்த ஹூபெர்சைன் என்ற பொருளும் ஹூபெர்சியா செர்ராட்டாவிலிருந்து வந்தது. அதுவும் மருத்துவர் சொல்லாமல் தொடக் கூடியதன்று. சிற்றினப் பெயர் ஏட்டோடு நிற்கும் விவகாரம் என்று எண்ணுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஜூன் 15

ஸ்வால்பார்டைப் பற்றித் தனியே எழுதச் சொன்னார்கள். கடைசிப் பனியூழியில் அத்தீவுக் கூட்டத்தின் பெரும்பகுதி பனிப்பாளத்தின்கீழ் இருந்தது. இன்று அங்குள்ள செடிகளில் பெரும்பாலானவை அதற்குப் பிறகு கடல் தாண்டி வந்தவை. 2007இல் சயின்ஸ் இதழில் ஆல்சோஸ் குழுவினர் ஒன்பது தாவரச் சிற்றினங்களின் மரபணுக் குறிகளை ஒப்பிட்டு, அவை பல திசைகளிலிருந்து திரும்பத் திரும்ப அங்கே வந்து சேர்ந்ததைக் காட்டினர். அந்த ஒன்பதில் ஹூபெர்சியா இல்லை. எனினும் விதைகளே அத்தனை தொலைவு வரும்போது, காற்றில் மிதக்கும் நுண்ணிய ஸ்போர் வருவதில் தடையிருக்க முடியாது. ரஷ்யக் கரையிலிருந்து வந்த ஆர்க்டிகாவும், ஸ்காண்டிநேவியாவிலிருந்து வந்த செலாகோவும் அங்கே சந்தித்துக் கலந்திருக்குமா என்பது நான் மிகவும் அறிய விரும்பும் கேள்வி.

இந்தியாவின் ஹிமாத்ரி ஆய்வு நிலையம் 2008 முதல் அங்கே நியூ ஓலசுண்டில் இயங்குகிறது. நம் மாணவர் ஒருவர் என்றேனும் அங்கே போனால், புகைப்படம் எடுக்கும்போது செடியின் முழுத்தோற்றத்தோடு நிறுத்திவிடக் கூடாது. தண்டின் மேற்பகுதியை நெருங்கி எடுத்து ஜெம்மா அமைந்த முறை தெரியும்படி செய்ய வேண்டும். அடியிலை, நுனியிலை இரண்டும் ஒரே படத்தில் இருக்க வேண்டும். இடம் மேடா பள்ளமா, பனி எவ்வளவு நாள் மூடியிருக்கும் என்று குறிக்க வேண்டும். இவை இல்லாத படம் பேரினத்துக்கு மேல் எதையும் சொல்லாது. ஸ்வால்பார்டில் செடியைப் பறிக்கச் சட்டப்படி தடை இருக்கிறது, ஆய்வுக்கும் அனுமதி பெற வேண்டும் என்பதையும் நினைவில் கொள்ளட்டும்.

ஜூன் 16

தம்பி, ஒப்படைப்பின் நாள் நெருங்குகிறது என்று எழுதியிருந்தீர்கள். என் யோசனை இது. ஒரே வரைபடத்தில் மூன்று நிறம் பயன்படுத்துங்கள். ஆர்க்டிகா என்றே பெயரிட்டு வெளியான இடங்களுக்கு ஒன்று: ஸ்வால்பார்டு, ரஷ்யாவின் வடகரை போன்றவை. செலாகோவின் துணைச்சிற்றினமாக வெளியான இடங்களுக்கு இன்னொன்று. செலாகோ என்று மட்டும் சொல்லும் துருவப் பதிவுகளுக்கு மூன்றாவது. அலாஸ்கா, கனடா, கிரீன்லாந்து ஆகியவற்றின் பல புள்ளிகள் அதில் விழும். ஒவ்வொரு நிறத்துக்கும் எந்த நூலின் வகைப்பாட்டைப் பின்பற்றினீர்கள் என்று விளக்கக் குறிப்பில் எழுதுங்கள். உங்கள் ஆசிரியர் "இறுதி விடை எது" என்று கேட்டால், நான் இன்றைய நிலையில் துணைச்சிற்றினம் என்ற இடத்தில் நிற்கிறேன் என்று சொல்லுங்கள். ஜெம்மாவின் அமைப்பு அதைச் செலாகோவுக்குள் முழுதும் கரைக்கவிடவில்லை, இலையின் மாறுதன்மையும் நகல்பெருக்கமும் அதைத் தனிச் சிற்றினமாக உயர்த்தவிடவில்லை. ஸ்காண்டிநேவிய மலைகளில் இரண்டும் அடுத்தடுத்து வளரும் இடங்களிலிருந்து மரபணுச் சான்று வந்தால் இந்நிலையை மாற்றிக்கொள்வேன்.

மூன்றாவது நிறத்தில் விழும் தாள்களில் இணையத்தில் தெளிவாகப் பெரிதாகும் சிலவற்றின் இணைப்புகளை உங்களுக்குத் தனிமடலில் அனுப்புகிறேன். ஜெம்மா வளையமாக இருக்கிறதா, சிதறி இருக்கிறதா என்று பார்த்து ஒவ்வொன்றுக்கும் எதிரே குறித்து அனுப்புங்கள். நானும் தனியே குறித்து வைக்கிறேன், பிறகு இரண்டையும் ஒப்பிடலாம்.